தயிர் போய்ச் சேராத முடிவு

நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் மட்டக்களப்பின் கிரானில் ஒரு கடைக்காரர் விளம்பரம் செய்ய நினைத்தால், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரைச் சுற்றவிடுவார். கொஞ்சம் வசதியுள்ளவர் கோயில் திருவிழா மலரில் அரைப்பக்கம் எடுப்பார். கலியாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்களிடம் விளம்பரப் படம் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கியது பிறகுதான். வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: கடையின் முகப்பு, அடுக்கிய சாமான்கள், முதலாளி கும்பிடுவது, கடைசியில் தொலைபேசி இலக்கம். போனில் விரல் ஒரு தடவை மேலே தள்ளினால் அந்தப் படம் போய்விடும். பார்ப்பவரிடம் அது எதையும் கேட்கவில்லை. அவரும் அதற்கு எதையும் கொடுக்கவில்லை.

இப்போது நான் மிகவும் விரும்பிச் செய்வது வேறொரு வகை. சில நிமிடக் கதை. நடுவில் படம் நின்று, இவன் என்ன செய்யட்டும் என்று பார்ப்பவரைக் கேட்கும். அவர் தொடுகிற பக்கத்துக்குக் கதை போகும். செலவு ஒரு கடையினுடையது. கடையின் பெயர் தொடக்கத்திலேயே வந்துவிடும். ஊடாட்டக் குறும்படம் என்று எழுதுகிறார்கள். நாங்கள் தெரிவுப் படம் என்போம். வந்தாறுமூலையில் படிக்கிற பிள்ளைகள் சிலர் இதைக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். எந்த மென்பொருள், எந்தத் தளம் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பின்னேரம் போதும். சொல்லிக்கொடுக்கக் கஷ்டமானது இது: தெரிவு கொடுத்தால் அது உண்மையான தெரிவாக இருக்கவேண்டும். கடையின் பொருள் தோற்றுப்போகிற முடிவும் அந்தப் படத்தில் இருக்கவேண்டும். காசு கொடுக்கிறவரை அதற்குச் சம்மதிக்க வைப்பது இந்தத் தொழிலில் பாதி வேலை.

நிகழ்ச்சிக்குள் கடையை வைப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை விளம்பரதாரர் நிகழ்ச்சிகளால் வளர்ந்தது. 1952இல் அதில் அமீன் சயானியின் குரலில் தொடங்கிய பினாக்கா கீத்மாலா ஒரு பற்பசையின் பெயரைத் தாங்கி வந்தது. இந்தியா முழுவதிலுமிருந்து நேயர்கள் கடிதம் எழுதி அதில் பங்கெடுத்தார்கள். தமிழில் கே.எஸ். ராஜாவின் திரை விருந்து புதுப்படங்களுக்கான விளம்பரம்தான். ஆனால் அதை ஒரு நிகழ்ச்சியாகவே எங்கள் அப்பா காலத்து ஆட்கள் காத்திருந்து கேட்டார்கள். படத்தில் அதே காரியத்தைப் பெரிய அளவில் செய்தது பி.எம்.டபிள்யூ. 2001இலும் 2002இலும் எட்டுக் குறும்படங்களை இணையத்தில் வெளியிட்டது. கிளைவ் ஓவன் சாரதியாக நடித்தார். ஆங் லீ, வொங் கார்-வாய், இன்யாரிட்டு, ஜோன் வூ போன்றவர்கள் ஆளுக்கொரு படம் இயக்கினார்கள். யூடியூப் பிறந்தது 2005இல். அதற்கு முன்பே சனம் விளம்பரத்தைத் தேடிப்போய்ப் பார்த்தது. அந்தப் படங்களில் விலையோ தள்ளுபடியோ பேச்சில் வராது. கார் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே ஓடும்.

பார்ப்பவரைக் கேட்டு நகர்கிற படத்தின் கதை அதைவிடப் பழையது. 1967இல் மொன்ட்ரியலில் நடந்த உலகக் கண்காட்சியில், செக்கோஸ்லோவாக்கியாவின் மண்டபத்தில், ராடுஸ் சின்செரா என்ற இயக்குநர் கினோஆட்டோமாட் என்ற படத்தைக் காட்டினார். ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு பச்சைப் பொத்தானும் ஒரு சிவப்புப் பொத்தானும் இருந்தன. இடையிடையே படம் நிற்கும். கதாநாயகனாக நடித்த ஹோர்னிசெக் மேடைக்கு வந்து சபையைக் கேட்பார். பெரும்பான்மை எந்தப் பொத்தானோ, கதை அந்தப் பக்கம் போகும். சபைக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. இரண்டு கிளைகளும் கொஞ்சத் தூரம் போய் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். எதை அழுத்தினாலும் கட்டடம் தீப்பற்றி எரிவதில்தான் முடியும். வாக்களிப்பைப் பற்றிய கேலி என்று அதை விளக்குகிறார்கள். கேலிக்கு அந்த அமைப்புப் பொருந்தும், விளம்பரத்துக்குப் பொருந்தாது. எந்தப் பக்கம் போனாலும் கடைவாசலில் வந்து முடிகிற படத்தை, இரண்டாவது தடவை பார்க்கும்போதே சனம் கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கடையின் தராசையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

இதை நான் நன்றாக உணர்ந்தது ஒரு தயிர்க் கடைக்குப் படம் எடுத்தபோது. கடையின் பெயரை எழுதவில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்கான விளம்பரம் அல்ல.

எருமைத் தயிர் எங்கள் பக்கத்துச் சொத்து. மேற்கே பட்டிகளில் கறந்த பாலைக் காய்ச்சி, கைச்சூட்டுக்கு ஆறவிட்டு, பழைய தயிரில் கொஞ்சம் உறை சேர்த்து மண்முட்டியில் ஊற்றுவார்கள். எருமைப்பாலில் கொழுப்பு அதிகம். மண் ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் முட்டியைச் சரித்தாலும் தயிர் அசையாது. நல்ல காலத்தில் அது மோட்டார் சைக்கிளில் வந்து சேரும். மாரியில் கதை வேறு. கிரான் பாலத்துக்கு அப்பால் புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடிவிடும். படுவான்கரைக் கிராமங்களுக்குப் படகுதான் வழி. சில இடங்களில் தண்ணீர் குறைந்திருந்தால் உழவு இயந்திரம் போகும். வருடா வருடம் செய்தியில் வருகிற இந்தக் கஷ்டத்துக்குள்தான் கதையை வைத்தோம்.

பட்டிக்காரரின் மகன் ஒருவன், பதினேழு வயது, இக்கரையில் ஒரு கலியாண வீட்டுக்குத் தயிர் முட்டிகளைக் கொண்டுவரவேண்டும். முதல் தெரிவு: படகுக்குக் காத்திருப்பதா, உழவு இயந்திரத்தில் ஏறுவதா? இரண்டாவது தெரிவு படகில் வருகிறது. ஒரு கர்ப்பிணிப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், படகில் இடமில்லை. முட்டிகளை இறக்கி அவளை ஏற்றுவதா, அடுத்த படகில் வரச்சொல்வதா? இறக்கினால் தயிர் நேரத்துக்குப் போய்ச் சேராது. கலியாண வீடு தயிர் இல்லாமலே சாப்பிட்டு எழும்பும். பையன் பந்தி கலைந்த பிறகு வெறுங்கையோடு வந்து நிற்பான்.

கதையைக் கேட்ட முதலாளி கொப்பியை மூடிவிட்டார்.

“தம்பி, நம்மட தயிர் போய்ச் சேராத படத்துக்கு நான் எதுக்குக் காசு தாற? மறுகா சனம் என்ன நினைக்கும்?”

“அண்ணன், அந்தப் புள்ள கரையில நிக்கக்குள்ள நீங்க தயிரையா ஏத்துவீங்க?”

அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே முட்டி அடுக்கிக்கொண்டிருந்த அவருடைய மனைவிதான் சொன்னார்: “இறக்கத்தான் வேணும். தயிர நாளைக்கும் உறைய வைக்கலாம்.”

அந்த வசனத்தை அப்படியே எடுத்துப் பையனின் தாய்க்குக் கொடுத்தேன். படத்தில் அந்தக் கடையைப் பற்றி நல்லவிதமாகச் சொல்கிற ஒரே வசனம் அதுதான். வருவது தயிர் போய்ச் சேராத முடிவில். மற்ற முடிவில் தயிர் சேருகிறது, பந்தியில் பரிமாறுகிறார்கள், பெண்ணும் அடுத்த படகில் சுகமாக வந்துவிடுகிறாள். அவளுக்கு ஏதாவது ஆகவேண்டும், அப்போதுதான் பாடம் புகட்டலாம் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் வாதாடினார். நான் விடவில்லை. அந்தப் பக்கத்தைத் தொட்டவரும் எங்கள் பார்வையாளர்தான். கலியாண வீட்டுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். அதிலும் நியாயம் உண்டு. அவரைத் தண்டிக்கிற படம் பரீட்சைத்தாள் ஆகிவிடும்.

இனி கணக்கு. ஒரு தெரிவில் இரண்டு வழி என்று வைத்து, கிளைகளை எங்குமே சேர்க்காமல் மூன்று தெரிவு வைத்தால் எட்டு முடிவுகள், மொத்தம் பதினைந்து துண்டுகள் எடுக்கவேண்டும். பார்ப்பவர் ஒரு தடவையில் காண்பது அவற்றில் நான்கை மட்டும். பணம் எங்கே போகிறது என்று கேட்கிற முதலாளிக்கு இந்தக் கணக்கைக் காகிதத்தில் வரைந்துதான் காட்டவேண்டும். 2018 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட பண்டர்ஸ்நாட்ச் என்ற தெரிவுப் படத்தில் 150 நிமிடக் காட்சிகள், 250 துண்டுகளாக. அந்த வசதி எங்களுக்கு இல்லை. நாங்கள் இரண்டு தெரிவோடு நிறுத்தினோம்: ஏழு துண்டுகள், நான்கு முடிவுகள்.

முதல் தெரிவின் இரண்டு கிளைகளையும் படகுத்துறையில் சேர்த்துவிட்டால் இன்னும் மலிவாக முடிந்திருக்கும். உழவு இயந்திரம் பாதி வழியில் திரும்பி வருகிறது, பையன் எப்படியும் படகில்தான் ஏறுகிறான். ஆனால் அடையாளம் எதுவும் விடாமல் சேர்த்தால் சின்செராவின் பொத்தான்தான். ஆகவே உழவு இயந்திரத்தில் போனவனுடைய முட்டிகள் சில குலுங்கி உடைகின்றன. படகுக் காட்சியை இரண்டு தடவை எடுத்தோம், ஒருமுறை முழு முட்டிகளோடு, ஒருமுறை குறைந்த முட்டிகளோடு. கலியாண வீட்டிலும் அந்தக் குறை தெரியும். கடைசிப் பந்திக்குத் தயிர் எட்டாது. இடம் ஒன்றாக இருக்கலாம், தெரிவின் தழும்பு மறையக்கூடாது என்று என்னிடம் வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

படப்பிடிப்பில் உயிரை எடுத்தது ஈரம். உழவு இயந்திரத்தில் வந்தவன் இடுப்புவரை நனைந்திருப்பான், படகுக்குக் காத்திருந்தவன் நனையமாட்டான். கதை வரிசையில் எடுத்தால் உடுப்பு மாற்றியே நாள் போய்விடும். காய்ந்த காட்சிகள் எல்லாவற்றையும் முதலில் எடுத்து, பிறகு நனைத்தோம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறு அட்டை: எந்தக் கிளை, எத்தனை முட்டி, சட்டை ஈரமா, தலைமுடி ஈரமா, பொழுது எவ்வளவு சாய்ந்திருக்கிறது. சாதாரணக் குறும்படத்தில் இந்த வேலையை நினைவிலேயே வைத்துச் சமாளிக்கலாம். இதில் முடியாது.

படம் நின்று கேட்கிற அந்தச் சில விநாடிகள்தான் மிகவும் கஷ்டமான ஷொட். யூடியூப்பில் முடிவுத்திரை வைப்பதானால், வீடியோவின் கடைசி 5 முதல் 20 விநாடிக்குள்தான் இணைப்புகள் தோன்றும். அவ்வளவு நேரமும் முகம் உறைந்து நிற்கவும் கூடாது, கதை நகரவும் கூடாது. பையனின் முகத்தை நடுவில் வைத்தோம்; பின்னால் தண்ணீர் ஓடுகிறது, கயிறு ஆடுகிறது, இரண்டு பக்கமும் பெட்டிகள் வர வெறுமையாக விட்டோம். நடிப்பவருக்கு நான் சொன்னது ஒன்றுதான்: முடிவெடுத்துவிடாதே, எடுக்கப் போகிற ஆளைப் பார். பெட்டியில் எழுதுவது ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. “முட்டியை இறக்கு”, “அடுத்த படகு”. எங்கள் பேச்சில் இருக்கவேண்டும்; தொலைக்காட்சிச் செய்தித் தமிழில் கேட்டால் இங்கே ஒருவரும் தொடமாட்டார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு நிமிடத்தைச் சுற்றி இருந்தால் நல்லது. சிறிய டேட்டா பொதி போட்டிருப்பவர் மற்றக் கிளையையும் பார்க்கத் துணிவார்.

போனில் வெளியிட்டதோடு நிற்காமல் கோயில் வெளியில் வெள்ளைத்துணி கட்டி, புரொஜெக்டரில் காட்டினோம். இந்தப் படிவத்தின் பலம் எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

தெரிவு வந்ததும் படத்தை நிறுத்தி மைக்கில் கேட்டோம். ஒரு பெரியவர் எழும்பி, கலியாண வீட்டுக்காரன் முற்பணம் கொடுத்திருக்கிறானா என்று கேட்டார். கொடுத்திருந்தால் இறக்கக் கூடாது என்று ஒரு பக்கம். பிள்ளைத்தாய்ச்சிக்கு முன்னால் முற்பணம் என்ன என்று மறுபக்கம். இரண்டு முட்டியை மட்டும் இறக்கினால் போதாதா என்று ஒரு பையன். அந்தக் கேள்வி எங்களுக்கே தோன்றவில்லை. ஒருவர் தனியாகப் போனைப் பார்த்துப் பத்து விநாடியில் தொட்டுவிட்டுப் போகிற தெரிவை, நூறு பேர் சேர்ந்து இருந்தால் வாதமாக்குகிறார்கள். அந்த வாதம் நடக்கும் நேரமெல்லாம் அவர்களுடைய வாயில் இருந்தது தயிரும் முட்டியும். எந்தப் பாட்டும் எந்த வசனமும் அதைச் செய்யாது.

கை தூக்கச் சொன்னால் முன்னால் இருக்கிற ஆண்களின் பக்கமே வெல்லும். பின்னால் இருக்கிற பெண்கள் தூக்கத் தயங்குவார்கள். ஆகவே விளக்குகளை அணைத்துவிட்டு, போனின் டோர்ச்சைப் பிடிக்கச் சொன்னோம். முதல் வழிக்கு ஒரு தடவை, இரண்டாம் வழிக்கு ஒரு தடவை. இருட்டில் யார் பிடித்தது என்று தெரியாது, எந்த வழிக்கு வெளிச்சம் அதிகம் என்பது மட்டும் தெரியும். முட்டியை இறக்கு என்றபோது பின்வரிசைகள் ஒளிர்ந்தன. முதலாளி அன்று என் பக்கத்தில்தான் நின்றார். தயிர் போய்ச் சேராத முடிவுக்குச் சனம் கைதட்டியதைக் கேட்ட பிறகு அந்த முடிவை வெட்டும் பேச்சை அவர் எடுக்கவில்லை.

இந்த ஊரில் இப்படி நடந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மட்டக்களப்புக் கூத்தின் களரி வட்டமானது. சபை நாலாபுறமும் உட்கார்ந்திருக்கும். ஆடுபவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் முகங்கள்தான். அரங்கேற்றத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். அன்பளிப்புக் கொடுத்தவரின் பெயரைச் சபையறியச் சொல்வார்கள். செலவு செய்தவர் யார் என்பதை மறைக்காத கலை அது. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கர்ணன் போர், இராவணேசன் போன்றவற்றை மேடைக்குக் கொண்டுவந்தபோதும், பின்னர் மௌனகுரு அவர்கள் அதைத் தொடர்ந்தபோதும், கூத்து நேரம் சுருங்கி ஒரு முகம் பார்க்கும் அரங்குக்கு வந்தது. அதனால் கூத்துக்குப் புதிய சபை கிடைத்தது, அது பெரிய பணி. சீலாமுனையில் ஜெயசங்கர் அவர்களும் ஊர் மக்களும் கூத்து மீளுருவாக்கம் செய்தபோது களரியையும் ஊர்ச் சபையின் பேச்சையும் முக்கியமாக எடுத்துக்கொண்டார்கள். தெரிவுப் படம் எடுக்கிறவர் இந்த இரண்டு வழிகளையும் படிக்கவேண்டும். வெளிநாட்டு மாதிரிகளைப் பார்ப்பதற்கு முன்பே படிக்கவேண்டும் என்பது என் கட்சி.

வெளிநாட்டு மாதிரிகளிலும் இரண்டை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். 2014இல் ஹோண்டா வெளியிட்ட படம் ஒன்றில், விசைப்பலகையின் ஆர் எழுத்தை அழுத்திப் பிடித்தால் பகல் கதை இரவுக் கதையாக மாறும். பகலில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற தகப்பன், இரவில் கொள்ளையரோடு கார் ஓட்டுகிறான். அவர்கள் விற்க நினைத்த காரின் பெயரில் அந்த ஆர் இருந்தது. 2010இல் டிப்-எக்ஸ் என்ற எழுத்தழிப்பானின் படத்தில், கரடியைச் சுடவேண்டிய வேட்டைக்காரன் பக்கத்து விளம்பரத்திலிருந்து அந்த எழுத்தழிப்பானை எடுத்துத் தலைப்பில் உள்ள ‘சுடுகிறான்’ என்ற சொல்லை அழித்துவிடுவான். அந்த இடத்தில் பார்ப்பவர் எழுதுகிற சொல்லுக்கு ஏற்பக் காட்சி வரும். இரண்டிலும் பார்ப்பவரின் கை செய்கிற காரியமே பொருளைச் சொல்லிவிடுகிறது. தயிருக்கு அப்படியொரு கைவேலை எனக்குக் கிடைக்கவில்லை. எங்களிடம் இருந்தது ஒரு மனிதச் சிக்கல். சிறிய ஊருக்கு அது போதும் என்று நினைக்கிறேன். தொழில்நுட்ப வித்தை ஒரு தடவை வியக்க வைக்கும், சிக்கல் வீட்டுக்குக் கூடப் போகும்.

தளங்களை நம்பிப் படத்தைக் கட்டக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். யூடியூப்பில் வீடியோவுக்கு மேலேயே பெட்டி வரைந்து இணைப்புக் கொடுக்கிற வசதி ஒருகாலத்தில் இருந்தது. லண்டன் மாநகரப் பொலிஸ் 2009இல் கத்திக்குத்துக்கு எதிராக, இளைஞர்களே முடிவைத் தேர்ந்துகொள்கிற படத் தொடரை அந்த வசதியில்தான் அமைத்தது. 2019 ஜனவரியில் யூடியூப் பழைய பெட்டிகள் எல்லாவற்றையும் நீக்கியது. ஃபிளாஷில் கட்டியவை 2020 முடிவோடு நின்றன. நெட்ஃபிளிக்ஸும் தன் ஊடாட்டப் படங்களை 2024 இறுதியிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே நான் துண்டுகளைத் தனித்தனியாகவும், கிளைப் படத்தைக் காகிதத்திலும் வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பலாம், துணியில் போட்டு மைக்கில் கேட்கலாம். தளம் மாறினாலும் படம் நிற்கும்.

யார் எதைத் தொட்டார்கள் என்று ஆள்வாரியாகச் சேர்த்துத் தரமுடியுமா என்று கேட்கிற முதலாளிகளும் உண்டு. நான் செய்வதில்லை. எந்தக் கிளை அதிகம் பார்க்கப்பட்டது என்ற மொத்தக் கணக்கு மட்டும் கொடுப்பேன். ஒருவர் கதைக்குள் எடுத்த முடிவு அவருக்கே உரியது.

இந்தப் படிவத்துக்குக் கடையைத் தாண்டியும் வேலை இருக்கிறது. 2013இல் பிரித்தானியாவின் புத்துயிர்ப்புச் சபை லைஃப்சேவர் என்ற படத்தை வெளியிட்டது. இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தி உதவுவது எப்படி என்பதை, பார்ப்பவரையே முடிவெடுக்க வைத்துக் கற்பிக்கிறது அது. எங்கள் பக்கத்தில் வெள்ளத்தில் வீதியைக் கடக்கலாமா, யானை வந்த இரவில் வயல் காவலில் என்ன செய்வது, காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் எங்கே போவது என்று எடுக்கவேண்டிய படங்கள் குவிந்து கிடக்கின்றன. ஊர்ச் சங்கங்களும் கடைகளும் சேர்ந்து செலவைப் பங்கிட்டால் இவை முடியாத காரியமல்ல.

கிரானிலும் சித்தாண்டியிலும் வாழைச்சேனையிலும் கடை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். தெரிவுப் படம் வேண்டும் என்று வரும்போது உங்கள் பொருள் தோற்கிற முடிவுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். எடுத்த பிறகு அதை வெட்டச் சொல்லாதீர்கள்.